38% சார்ஜ் இருக்கும்போதே லேப்டாப் ஏன் பொட்டுனு அணையுது?

போன மாசம் சித்தி பொண்ணு போன் பண்ணா, குரலே சரியில்ல. ஆன்லைன் இன்டர்வியூ போயிட்டு இருந்திருக்கு, கேமரா ஆன்ல இருக்கு, ஸ்க்ரீன் ஷேர் பண்ணச் சொல்லியிருக்காங்க, இவ ஷேர் பட்டனைத் தட்டின அடுத்த நொடி லேப்டாப் பொட்டுனு அணைஞ்சிருச்சு. "அண்ணா, 38% இருந்துச்சுண்ணா, நான் பார்த்துட்டேதான் இருந்தேன், சிவப்புகூட வரல"ன்னு அழாத குறை. மறுநாள் ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கா, அவங்க பேட்டரி ஹெல்த் பார்த்துட்டு "65% இருக்கும்மா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மதர்போர்டா இருக்கும், வெச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லியிருக்காங்க. நல்லவேளை வெக்காம எனக்கு போன் போட்டா.

நான் கேட்ட முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: சார்ஜர் சொருகியிருக்கும்போது இப்படி எப்பவாவது அணைஞ்சிருக்கா? இல்லவே இல்ல, நாள் பூரா ஓடுதுங்கறா. அப்போ மதர்போர்டை இப்போதைக்கு விட்டுடலாம். சார்ஜர்லயும் அணையுது பேட்டரிலயும் அணையுதுன்னாதான் சூடு, ஃபேன்ல அடைச்ச தூசி, ரேம், போர்டுன்னு வேற பக்கம் தேடணும். பேட்டரில மட்டும் அணையுது, அதுவும் ஏதாவது கனமான வேலை ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அணையுதுன்னா நூத்துக்கு தொண்ணூறு பேட்டரிதான், அந்த 38%ங்கற நம்பர் என்ன சத்தியம் பண்ணாலும் சரி.

இங்கதான் எல்லாருக்கும் குழப்பம். நாம அந்த பர்சென்ட்டை பைக்ல பெட்ரோல் முள்ளு மாதிரி பாக்குறோம், பாதி டேங்க் இருந்தா வண்டி நிக்காதுல்ல, அப்போ 38% இருந்தா லேப்டாப் மட்டும் எப்படி நிக்கும்னு. ஆனா பேட்டரிய கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. உள்ள எவ்வளவு இருக்குங்கறது ஒண்ணு, இருக்கறத கேட்ட நொடில கேட்ட வேகத்துல எடுத்துக் குடுக்க முடியுமாங்கறது இன்னொண்ணு. ஸ்க்ரீன் மூலைல இருக்குற ஐகான் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதையும் குத்துமதிப்பாதான் சொல்லும். ரெண்டாவது கேள்விய அது கண்டுக்கறதே இல்ல.

போர் தண்ணி இருக்குற வீட்ல குடியிருந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். மொட்டை மாடி டேங்க் பாதிக்கு மேல இருக்கு, ஆனா குழாய்க்குள்ள பத்து வருஷ உப்பு படிஞ்சு ஓட்டை பென்சில் அளவுக்கு சுருங்கிக் கெடக்கு. பாத்ரூம் குழாய மட்டும் திறந்தா தண்ணி ஒழுங்கா வருது. அதே நேரம் கிச்சன்ல ஒருத்தர், வாஷிங் மெஷின் ஒண்ணுன்னு திறந்தா ஷவர்ல நூல் மாதிரி வந்து நின்னுடும். டேங்க்ல தண்ணி இல்லாம இல்ல. வர்ற வழி செத்துப்போச்சு. பழைய பேட்டரிக்குள்ள படியற இந்த உப்புக்குப் பேரு இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ், உள்தடைன்னு வெச்சுக்கோங்க.

இப்ப கொஞ்சம் நம்பர் பேசலாம், பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதியத் தாண்டி எதுவும் இல்ல. லேப்டாப் பேட்டரிங்கறது ஒரே பேட்டரி இல்ல, உள்ள மூணோ நாலோ லித்தியம் அயன் செல் வரிசையா கோர்த்திருக்கும் (சின்ன மாடல்ல ரெண்டுகூட உண்டு). ஒரு செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், சில வகைல 4.35, 4.4 வரைக்கும் போகும். இறங்கி 3 வோல்ட் பக்கம் வந்தா செல் கெட்டுப்போயிடும்னு உள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் சப்ளைய வெட்டிடும். மூணு செல் பேக்குன்னா மொத்தமா 9 வோல்ட் பக்கம் வந்தா கதை முடிஞ்சுது. அந்த சர்க்யூட் பர்சென்ட்டை எல்லாம் பாக்காது, இந்த விஷயத்துல அது பாக்கறது வோல்டேஜைத்தான், விண்டோஸ்கிட்ட சொல்லிட்டு வெட்டற பழக்கமும் அதுக்குக் கிடையாது.

சித்தி பொண்ணோட லேப்டாப் மூணு செல்தான். 38%ல கரண்ட்டே எதுவும் இழுக்காதப்போ அந்த பேக்கோட வோல்டேஜ் 11.3 பக்கம் இருக்கும். அதோட உள்தடை 0.55 ஓம்னு பின்னாடி நாங்களே கணக்கு போட்டுப் பார்த்தோம், எப்படின்னு அப்புறம் சொல்றேன். இப்ப ஸ்க்ரீன் ஷேர் தட்டினதும் ப்ராசஸர் டர்போல பாயுது. அட்டைப்பெட்டில 15 வாட் ப்ராசஸர்னுதான் போட்டிருப்பாங்க, ஆனா சில நொடிகளுக்கு அது அதவிட ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், அதனால மொத்த லேப்டாப்பும் 40 வாட் கேக்குதுன்னு வெச்சுக்கோங்க. 40ஐ 11.3ஆல வகுத்தா 3.5 ஆம்பியர். 3.5ஐ 0.55ஆல பெருக்கினா 1.9 வோல்ட் பேட்டரிக்குள்ளயே காணாமப் போகுது, வெளிய வர்றது 9.4 தான். சரி 9க்கு மேலதானே இருக்கு, தப்பிச்சோம்னு தோணும். தப்பிக்கல. ஏன்னா லேப்டாப்புக்கு வேணுங்கறது 40 வாட், வோல்டேஜ் குறைஞ்சா குறைஞ்சதோட அட்ஜஸ்ட் பண்ணிக்கிற ஜாதி இல்ல அது, வோல்ட் குறைஞ்ச அளவுக்கு ஆம்பியரைக் கூட்டிக் கேக்கும். 40ஐ 9.4ஆல வகுத்தா 4.25 ஆம்பியர், இப்ப உள்ள விழற வோல்ட் 2.3, வெளிய வர்றது 8.96. முடிஞ்சுது, சர்க்யூட் வெட்டிடுச்சு. இதெல்லாம் கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல, விண்டோஸ் "பேட்டரி லோ"ன்னு ஒரு மெசேஜ் போடறதுக்குள்ள கரண்ட்டே இல்ல.

இதே பேக் புதுசா இருந்தப்போ உள்தடை 0.15 ஓம் பக்கம்னு வெச்சா, அதே 38%ல அதே 40 வாட்டுக்கு 10.7 வோல்ட் நின்னிருக்கும். கம்முனு ஓடியிருக்கும். அதே பர்சென்ட், அதே வேலை, வேற பேட்டரி, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொரு சங்கதியும் இருக்கு. மூணு செல்லும் ஒரே மாதிரி கிழடாகாது. ஒண்ணு ப்ராசஸர் பக்கத்துல இருந்து வெந்துட்டே இருக்கும், ஒண்ணு ஃபேக்டரிலயே கொஞ்சம் சோப்ளாங்கியா வந்திருக்கும். வரிசையா கோர்த்திருக்கறதால முக்காலி மாதிரிதான், ஒரு கால் போனா மத்த ரெண்டு காலும் தேக்குமரமா இருந்து பிரயோஜனமில்ல. நல்ல பாதுகாப்பு சர்க்யூட் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாக்கும், ஒண்ணு 3 வோல்ட்டுக்குக் கீழ தலை சாய்ச்சாலும் மொத்தத்தையும் வெட்டிடும். அதனாலதான் சில லேப்டாப் மேல நான் போட்ட கணக்குக்குக்கூட காத்திருக்காம 50, 60%லயே அணையும்.

இந்த உள்தடை ஏன் ஏறுதுன்னா, செல்லுக்குள்ள கிராஃபைட் பக்கம் முதல் சார்ஜ் அப்பவே ஒரு மெல்லிசான படலம் உருவாகும், அது வேணும், அது இல்லாட்டி செல்லே நிக்காது, ஆனா வருஷம் ஆக ஆக அது தடிச்சுட்டே போகும். சூடு அதை வேகமா தடிக்க வெக்கும், எப்பவும் 100%லயே நிறுத்தி வெக்கறதும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்துச்சுன்னா கேக்கவே வேணாம். சித்தி பொண்ணு நாலு வருஷமா சார்ஜரைக் கழட்டினதே இல்ல, ஃபேன் மட்டும் இருக்குற மாடி ரூம்ல, மே மாசத்துலயும், மெத்தை மேல வெச்சு. யூஸ் பண்ணவே இல்லையே அண்ணா எப்படி கெடும்னு கேட்டா. யூஸ் பண்ணாம சூட்டுல நிறைஞ்ச வயித்தோட உக்கார வெச்சதுதான் கெடுத்துச்சு. குளிர்லயும் உள்தடை ஏறும், ஆனா அது தற்காலிகம், டிசம்பர்ல ஊட்டிக்கு எடுத்துட்டுப் போன பழைய லேப்டாப் காலைல அங்க பொசுக்குனு அணைஞ்சு கீழ மேட்டுப்பாளையம் வந்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடினா அது இதுதான்.

இது ஏதோ மலிவு லேப்டாப் பிரச்சினைனு நினைச்சுடாதீங்க. 2016, 17 வாக்குல ஐபோன் 6, 6எஸ் வெச்சிருந்த நிறைய பேருக்கு இதேதான், சார்ஜ் இருக்கும்போதே போன் அணையும். ஆப்பிள் 2017 ஜனவரில வந்த ஐஓஎஸ் 10.2.1ல சத்தமில்லாம ஒரு வேலை பண்ணுச்சு, பேட்டரி கிழடா இருந்தா ப்ராசஸர் ஒரேயடியா பாயாத மாதிரி வேகத்தைக் கட்டிப் போட்டுச்சு. அணையறது குறைஞ்சுது, ஆனா போன் ஸ்லோ ஆச்சு, ஜனங்க கண்டுபிடிச்சு கத்தினதுக்கப்புறம் அந்த வருஷம் டிசம்பர்ல ஒத்துக்கிட்டு, 79 டாலரா இருந்த பேட்டரி மாத்துற கட்டணத்தை 29 டாலரா குறைச்சாங்க. சொல்லாம பண்ணினது தப்பு, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா பண்ணின வைத்தியம் சரியான வைத்தியம். அதே வைத்தியத்தை நம்ம லேப்டாப்புக்கு நாமளே பண்ணிக்கலாம், வர்றேன்.

அதுக்கு முன்னாடி அந்த பர்சென்ட் ஏன் குத்துமதிப்புன்னு சொன்னேன்ல. பேட்டரிக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளை சிப் இருக்கு. உள்ள எவ்வளவு கரண்ட் போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு நோட்டுல வரவு செலவு எழுதிட்டே இருக்கறதுதான் அதோட வேலை. மளிகைக் கடைல நோட்டுக் கணக்கு மட்டும் பார்த்துட்டு கல்லாப்பெட்டிய எண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டினா என்ன ஆகும், நோட்டுல நாலாயிரம் இருக்கும், பெட்டில எண்ணூறு இருக்கும். கல்லாவ எண்ணற நாள்னா பேட்டரிக்கு அது ஃபுல்லா ஏறி, சும்மா கொஞ்ச நேரம் நின்னு, முழுசா இறங்கற நாள். எப்பவும் சார்ஜர்லயே இருக்குற லேப்டாப்புக்கு அந்த நாள் வர்றதே இல்ல.

ஆக, அணையறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு நோட்டுக் கணக்கு பொய், இன்னொண்ணு குழாய்ல உப்பு. எதுன்னு பிரிச்சுப் பாக்க நான் வெச்சிருக்குற சின்ன தந்திரம்: அணைஞ்சதும் சார்ஜர் போடாம மறுபடி ஆன் பண்ணுங்க. ஆன் ஆகவே மாட்டேங்குது, இல்ல ஆன் ஆகி 3%, 4%னு காட்டுதுன்னா கணக்குதான் பொய், உண்மைலயே உள்ள காலி. ஆன் ஆகி அதே 37, 38%ஐக் காட்டிட்டு, சும்மா நோட்பேட் திறந்து வெச்சா பாட்டுக்கு அரை மணி நேரம் ஓடுதுன்னா உப்பு. சித்தி பொண்ணோடது ரெண்டாவது ரகம். நிறைய பழைய பேட்டரில ரெண்டும் கலந்துதான் இருக்கும்ங்கறதையும் சொல்லிடறேன்.

விண்டோஸ் தானா தூங்கப் போச்சா, இல்ல யாரோ வயரைப் பிடுங்கின மாதிரி செத்துச்சாங்கறதை ஈவென்ட் வியூவர்ல பாக்கலாம். விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் உள்ள போனா, கெர்னல் பவர்னு பேரும் 41னு நம்பரும் போட்டு ஒரு சிவப்பு வரி இருந்துச்சுன்னா, முறையா ஷட்டவுன் ஆகாம திடீர்னு நின்னுச்சுன்னு அர்த்தம். அந்த வரி மதர்போர்டு போச்சுன்னு சொல்லல, ஏன் நின்னுச்சுன்னும் சொல்லல, நீங்க பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணாலும் அதே வரிதான் வரும். அத கூகுள்ல போட்டுப் பார்த்து பயந்துக்காதீங்க.

அடுத்தது பேட்டரி ரிப்போர்ட். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜின்னு எட்டு எழுத்தையும் சேர்த்து அடிச்சு (பவர்ங்கறது முழு வார்த்தை, அப்புறம் சி, எஃப், ஜி), ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு ஒட்டினாப்ல பேட்டரிரிப்போர்ட்னு அடிங்க, ஒரு ஃபைல் உருவாகும், எங்க சேவ் ஆச்சுன்னு அதுவே சொல்லும், ப்ரவுசர்ல திறங்க. டிசைன் கெபாசிட்டிங்கறது புதுசா இருந்தப்போ எவ்வளவு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிங்கறது இப்ப எவ்வளவு. இவளோடது 42,000ல ஆரம்பிச்சு 27,300க்கு வந்திருந்துச்சு, வகுத்தா 65%, கடைக்காரர் சொன்ன அதே நம்பர், அவர் பொய் சொல்லல. ஆனா இந்த 65%ங்கறது டேங்க்கோட சைஸ் மட்டும்தான். குழாய் எப்படி இருக்குன்னு இந்த ரிப்போர்ட்ல எந்த இடத்துலயும் இல்ல. அங்கதான் அவரு கோட்டை விட்டாரு.

குழாய நாமதான் அளக்கணும். ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல பேட்டரி பகுதில வோல்டேஜும், எத்தனை வாட் வெளிய போகுதுங்கறதும் ஓடிட்டே இருக்கும். சார்ஜரைக் கழட்டிட்டு, 60% பக்கம் இருக்கும்போது, எதையும் தொடாம ஒரு ரீடிங், அப்புறம் வீடியோ காலோ ஏதாவது கனமான வேலையோ ஓட விட்டு ஒரு ரீடிங் (முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, அணைஞ்சாலும் அணையும்). எங்களுக்கு சும்மா இருக்கும்போது 8 வாட், 11.2 வோல்ட், கனமா இருக்கும்போது 35 வாட், 9.6 வோல்ட் வந்துச்சு. வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர், அதாவது 0.71, அப்புறம் 3.65. வோல்ட் இறங்கினது 1.6, ஆம்பியர் ஏறினது 2.94, முன்னதைப் பின்னதால வகுத்தா 0.55 ஓம் சொச்சம். லேப்ல அளந்த துல்லியம் எல்லாம் இல்ல, ஆனா ஒரு 27 வாட் கூட கேட்டதுக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல தலைகுப்புற விழற பேட்டரிய நல்ல பேட்டரின்னு யாரும் சொல்ல முடியாது.

சரி, என்ன பண்றது. புது பேட்டரி வாங்கற வரைக்கும் அந்த ஆப்பிள் வைத்தியம். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் உள்ள ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், அதுல மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை பேட்டரிக்கு மட்டும் 100ல இருந்து 99 ஆக்குங்க. ஒரே ஒரு பர்சென்ட்தானேன்னு சிரிக்காதீங்க, 99 ஆனதும் டர்போ மொத்தமா நின்னுடும், 40 வாட் பாய்ச்சல் 20க்கு அடங்கிடும், 20 வாட்டுக்கு நம்ம கணக்குப்படி அதே கிழட்டு பேட்டரி 10.2 வோல்ட்ல கெத்தா நிக்கும். சில புது மாடல்ல அந்த ஆப்ஷனை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அப்போ பேட்டரி சேவரைப் போட்டு ப்ரைட்னஸைக் குறைச்சு ஓட்ட வேண்டியதுதான். இவ இந்த 99 வைத்தியத்துல ரெண்டு வாரம் ஓட்டினா, ஒரு தடவைகூட அணையல.

கணக்கு பொய்யா இருக்குற கேஸுக்கு கேலிப்ரேஷன். 100% ஏத்தி ரெண்டு மணி நேரம் சார்ஜர்லயே விடுங்க, அப்புறம் கழட்டி லேசான வேலைல தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க, கொஞ்சம் ஆற விட்டு, இடைல கழட்டாம மறுபடி 100 வரைக்கும் ஏத்துங்க. கணக்குப்பிள்ளை கல்லாவ எண்ணிட்டான். இதனால பேட்டரிக்கு புது உயிர் எல்லாம் வராது, நம்பர்தான் நேர்மையாகும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல பண்ணினா வீணா தேய்மானம்தான். டிவைஸ் மேனேஜர்ல பேட்டரி டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணு, எல்லாம் சரியாயிடும்னு ஒரு வீடியோ விடாம எல்லாத்துலயும் சொல்றாங்க, தேஞ்ச செல்லுக்கு அது நெத்தில விபூதி பூசற மாதிரி, நம்பிக்கை இருந்தா பூசிக்கோங்க. ஃப்ரிட்ஜ்ல, ஃப்ரீசர்ல வெக்கற வைத்தியத்தை மட்டும் தொடவே தொடாதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும்.

ஒரு விஷயத்துல விளையாட்டே வேணாம். டச்பேட் மேல தூக்கிட்டு க்ளிக் ஆக மாட்டேங்குது, லேப்டாப்பை மேஜைல வெச்சா ஆடுது, மூடினா ஓரத்துல இடுக்கு தெரியுதுன்னா பேட்டரி உப்பிடுச்சு, உள்ள கேஸ் சேர்ந்திருக்கு. அப்போ கணக்கு, டெஸ்ட், கேலிப்ரேஷன் எதுவும் கிடையாது, ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க, அமுக்கிப் பாக்காதீங்க, ஊசியால குத்தி காத்தை எடுக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, தீப்பிடிக்கும்.

புதுசு வாங்கும்போது லேப்டாப் மாடல் பேரை மட்டும் சொல்லி வாங்காதீங்க, பழைய பேட்டரி மேல இருக்குற பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்க, ஒரே மாடல்ல மூணு செல் 11.4 வோல்ட்டும் வரும், நாலு செல் 15.2 வோல்ட்டும் வரும், கனெக்டரே மாறும். தயாரிச்ச தேதி பாருங்க, கடைல ரெண்டு மூணு வருஷம் தூங்கின பேட்டரி பெட்டிக்குள்ளயே கிழடாகியிருக்கும். மாட்டினதும் கடைலயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, முடிஞ்சா அங்கயே ஒரு வீடியோ கால் போட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னும் பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். அப்புறம் லேப்டாப் கம்பெனியோட ஆப்லயே 80%ல சார்ஜை நிறுத்தற ஆப்ஷன் இப்ப நிறைய மாடல்ல இருக்கு, நாள் பூரா சொருகியே வெக்கற ஆளா இருந்தா முதல் வேலையா அதைப் போட்டு விடுங்க.

இவளுக்கும் மாத்தியாச்சு, வேற கடைல. அதே 35 வாட்டுக்கு இப்ப அரை வோல்ட்கூட இறங்கல. பழைய பேட்டரிய என்ன பண்ணலாம், பரண்ல போட்டு வெக்கட்டுமான்னு கேட்டா. ஏம்மா, வீட்லயே அதிகமா கொதிக்கிற இடம் அந்தப் பரண்தான்னு சொல்லி, மாத்தின கடைலயே திருப்பிக் குடுக்கச் சொன்னேன், குப்பைத்தொட்டிலயும் போடக் கூடாது, 2022ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படி பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிக்கிறவங்களோடது. குடுத்துட்டு வந்து, "அண்ணா அந்தக் கடைக்காரர் பழைய பேட்டரிக்கு காசு எதுவும் தரலையே"ன்னு ஒரு மெசேஜ்.